மூன்று பேருக்கு ஒரு சகன்

செய்தி வந்தபோது நான் செங்கல்பட்டில், மாமல்லபுரம் போகும் பேருந்துக்குள், ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்த ஒரு பெரியவரோடு நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. அன்வர். மெஹர் மேடத்தின் மகன். "அங்கிள், அம்மா மவுத்தாயிட்டாங்க. காலைல தொழுகைக்கு எழுப்பினோம், எழுந்திருக்கல" என்றான். "எந்த அம்மா?" என்று கேட்டேன். என்ன ஒரு கேள்வி! அவனுக்கு இருப்பது ஒரே அம்மா. என் முகத்தைப் பார்த்த பெரியவர் துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். முந்தின நாள் மாலைதான் தொலைபேசியில் என்னைப் பிடி பிடியென்று பிடித்திருந்தார். பணி ஓய்வு பெற்ற பிறகும் அடிக்கடி கூப்பிட்டு, பரிசோதனைக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டு, நடப்பதெல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டு வைப்பது அவர் வழக்கம். அன்றைக்குச் சண்டை நாங்கள் வாங்கியிருக்கும் புதிய மென்பொருளைப் பற்றியது. அவர் கேட்டதற்கு நல்ல பதில் ஒன்றை யோசித்துத் தயாராக வைத்திருந்தேன். காலையில் கூப்பிட்டுச் சொல்வதாக இருந்தேன். வாதத்தின் நடுவில் எழுந்து போகிற ஆளா அவர்? அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, திருக்கழுக்குன்றம் தாண்டும்போது. பெரியவர் ஒன்றும் கேட்காமல் துண்டை நீட்டினார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்காவது மெஹருன்னிசாவிடம் திட்டு வாங்கிய அனுபவம் இருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் எங்கள் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிர் மேசைக்காரர்கள். மரபணு வரிசையில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கணினியில் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த மாற்றத்தால் உடம்பில் என்ன ஆகும் என்று சொல்வது அவர் வேலை. என் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். அவருடையது சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். அறிக்கை ஏன் தாமதம் என்று மேலாளர் கேட்டால், "ஒரு ஆயுசுக்கு ரிப்போர்ட் எழுதிகினு கீறேன், நாலு நாளு பொறுக்க மாட்டீங்களா?" என்பார். கடப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். மேடையில் பேசினால் அழகான நடை. கோபம் வந்தால் கடப்பாக்கம். நாங்கள் அதிகம் கேட்டது இரண்டாவதைத்தான்.

எங்கள் கேன்டீனை ஒருமுறை புதிய ஆள் ஒருவர் எடுத்து நடத்தினார். டீ பிரமாதம் என்று எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்த நேரம். செங்கல்பட்டிலிருந்து ஒரு டாக்டர் மெஹர் மேடத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய நோயாளி ஒருவருக்கு ரத்தசோகை. எங்கள் அறிக்கையோ, மரபணு சொல்லும் புரதத்தில் ஒரு குறையும் இல்லை, மரபணுவுக்கு முன்னால் இருக்கும் பகுதியில்தான் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்றது. புரதம் சரியாக இருந்தால் சோகை எப்படி வரும் என்று டாக்டர் கேட்டார். மெஹர் கையிலிருந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "டாக்டர், எங்க கேன்டீன் டீ குடிச்சிருக்கீங்களா? பாலு, சக்கரை, தூள், எதுலயும் ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா எவ்ளோ வருது? கால் டம்ளர்!"

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மரபணு நேரடியாகப் புரதம் ஆவதில்லை. முதலில் அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற படி எடுக்கப்படும். அந்தப் படியைப் படித்துத்தான் புரதம் கட்டப்படும். படியெடுக்கும் இயந்திரம் வந்து உட்காரும் இடம் மரபணுவுக்கு முன்னால் இருக்கிறது. அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறினால் இயந்திரம் சரியாக உட்காராது, படிகள் குறையும், புரதமும் குறையும். வருகிற புரதம் சுத்தமாகத்தான் இருக்கும், போதாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து "எவ்ளோ வருது?" எங்கள் கூடத்தின் மந்திரமாகிவிட்டது. கேன்டீன்காரரும் அதைத் தன்னைப் பற்றிய புகாராக எடுத்துக்கொண்டு டம்ளரை நிரப்பித் தர ஆரம்பித்தார். அறிவியலால் எங்களுக்குக் கிடைத்த உடனடிப் பலன் அதுதான்.

அன்வரின் கல்யாணத்தைச் சொல்லாமல் மெஹரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. அவர் கணவர் ஜமால் பாயின் சொந்தக்காரர்கள் தெற்கே கடலோர ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டு விருந்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. சகன் என்று ஒரு பெரிய தட்டு. பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு, முதலிலிருந்து எண்ணி, மூன்று பேருக்கு ஒரு சகன் வைத்துக்கொண்டே போவார்கள். மூவரும் அதிலேயே கைபோட்டுச் சாப்பிட வேண்டும். யாரோடு யார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கடப்பாக்கத்தில் மண்டபத்துக்குக் கூடத்து ஆட்கள் நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மரியாதை தாங்காமல் என் தோளைப் பிடித்து, நிறைந்திருந்த வரிசையின் தலைப்பில் என்னை அழுத்தி உட்கார வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சகன் வைக்கிறவர் எண்ணிக்கொண்டே வந்தார். என்னையும் சேர்த்து மூன்று பேர், ஒரு தட்டு. அதனால் மூன்றாவதாக இருக்க வேண்டியவர் அடுத்த தட்டுக்குப் போனார். அங்கிருந்து ஒருவர் அதற்கடுத்த தட்டுக்கு. வரிசை முழுக்க இப்படியே. கூட்டாளிகள் பிரிந்தார்கள். ஏதோ படகு விவகாரத்தில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு சகலைகள் ஒரே தட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் ஒல்லியான ஒருவர் முழுச் சகனோடு தனியாக மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சந்தோஷமாக ஆரம்பித்துவிட்டார். ஒரே சத்தம். பெண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயார், பட்டுப் புடவையோடு, ஓடி வந்தார். வந்தவர் வரிசையை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தார். கையைத் தட்டினார்.

"இதான் சார்! இத்தினி வருசமா இதத்தான் சொல்லிகினு கீறேன்! ஒரே ஒரு ஆளு உள்ள நொழைஞ்சதுக்கு மொத்தப் பந்தியும் இன்னா ஆச்சு பாருங்க!"

நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எழுந்துடறேன் மேடம்" என்றேன்.

"அட உக்காருங்க சார், கை நனைச்சாச்சு. இன்னும் ரெண்டு பேர இவரு பக்கத்துல உக்கார வைங்கப்பா. எல்லாம் சரியாப் பூடும்."

எங்கள் மேலாளரையும் வண்டி ஓட்டுநரையும் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நாங்கள் மூவர் ஒரு தட்டு. அடுத்தவர்கள் எல்லாம் பழையபடி அவரவர் கூட்டாளிகளோடு ஒன்று சேர்ந்தார்கள். சகலைகளுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், நல்லி எலும்பு அந்தத் தட்டில்தான் இருந்தது. மரபணுவின் படியும் இப்படித்தான் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு மூன்றுக்கும் புரதத்தின் ஒரு துண்டு. நடுவில் ஓர் எழுத்து நுழைந்தால் அதற்குப் பிறகு எல்லா மூன்றும் குலையும். குலைந்த வரிசையில் சீக்கிரமே 'முடிந்தது' என்று பொருள்படும் மூன்றெழுத்து ஒன்று வந்து தொலைக்கும். புரதம் பாதியில் நின்றுபோகும். மூன்று எழுத்தாக நுழைந்தால் அவ்வளவு சேதம் இல்லை. இந்தப் பாடத்தை மகன் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால் நடத்திய ஒரே மாமியார் அவராகத்தான் இருப்பார்.

இப்போது தேன்மொழி விஷயத்துக்கு வருகிறேன். தேன்மொழிக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. கணவர் முரளிக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பு. தேன்மொழி முதல்முறை கருவுற்றிருந்தபோது வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஓர் உண்மை தெரிந்தது. கணவன் மனைவி இருவருமே தலசீமியா என்ற ரத்த நோய்க்கான குறையை ஆளுக்கு ஒன்றாகச் சுமப்பவர்கள். ஒரு குறை மட்டும் இருந்தால் பெரிய தொல்லை இல்லை, அவர்களைப் போலவே நடமாடலாம். இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவே குழந்தைக்கு வந்துவிட்டால், மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். தேன்மொழிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தம்பி அப்படி ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்து, சிறு வயதிலேயே போனவன். பெற்றோரும் இப்போது இல்லை. எங்கள் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "தெரியாம பெத்துக்க பயமா இருக்கு மேடம். தெரியாம வேணாம்னு சொல்லவும் பயமா இருக்கு."

முரளியின் குறை உடனே கிடைத்துவிட்டது. ஓர் எழுத்து கூடுதல், வரிசை முழுக்கக் குலைவு. மெஹர் காகிதத்தில் வட்ட வட்டமாகச் சகன் வரைந்து அவருக்கு விளக்கினார். முரளி கடைசித் தட்டுக்காரரைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். தேன்மொழியின் குறைதான் கிடைக்கவில்லை. ரத்தம், குறை இருக்கிறது என்று சத்தியம் செய்கிறது. வரிசையில் ஒன்றும் இல்லை. ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஆனால் மாறிய பிறகும் அந்த மூன்றெழுத்து அதே புரதத் துண்டைத்தான் சொன்னது. இப்படிப்பட்டதைப் பேசாத மாற்றம் என்போம். கணினி அதைப் 'பாதிப்பில்லாதவை' என்ற பட்டியலில் போட்டு மறைத்துவிடும். எல்லாக் கூடங்களிலும் அதுதான் நடைமுறை. மெஹர் அந்தப் பட்டியலை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். "பேசாம இருக்கறவன் வேலை பண்ணலன்னு யார் சார் சொன்னா?"

கருவிலிருந்து எடுத்த மாதிரி வந்தது. ஆணா பெண்ணா என்று நாங்கள் பார்க்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம். குறைகளை மட்டும் பார்த்தோம். முரளியின் கூடுதல் எழுத்து குழந்தைக்கு வந்திருந்தது. தேன்மொழியின் அந்தப் பேசாத மாற்றம் குழந்தைக்கு வரவில்லை. ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. தேன்மொழியின் குறை அந்தப் பேசாத எழுத்துதானா? ஆம் என்றால் குழந்தை நன்றாக இருக்கும். இல்லை என்றால், அவருடைய உண்மையான குறை வேறெங்கோ ஒளிந்திருக்கிறது, அது குழந்தைக்கு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கருவை வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு அதிக நாள் இல்லை. ஊகத்தை அறிக்கையில் எழுத முடியாது என்றார் எங்கள் தலைமை மருத்துவர். அவர் சொன்னதும் நியாயம்தான். மெஹர் அவரிடம், "ஊகம் வேணாம் டாக்டர். ஆர்.என்.ஏ.வையே போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார்.

அவர் எண்ணம் இது. மரபணுவிலிருந்து எடுக்கும் படி முதலில் நீளமாக இருக்கும். நடுவில் தேவையில்லாத பகுதிகள் உண்டு. தையற்காரர் துணியில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு அதன்படி வெட்டி, மீதியைத் தைத்துச் சேர்ப்பதுபோல, செல் அந்தப் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு மற்றவற்றைச் சேர்க்கும். எங்கே வெட்டுவது என்பதற்கான குறியும் எழுத்துகளில்தான் இருக்கிறது. தேன்மொழியின் மாறிய எழுத்து, புரதத்தைத் தொடாவிட்டாலும், வேண்டாத இடத்தில் ஒரு பொய்க் கோட்டைப் போட்டிருந்தால்? கத்தரி அங்கே விழுந்திருந்தால்? மரபணுவை எத்தனை முறை படித்தாலும் அது தெரியாது. வெட்டித் தைத்து முடித்த படியைப் பார்த்தால்தான் தெரியும்.

தேன்மொழியை மருத்துவர்கள் ஓய்வில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆகவே நாங்களே கல்பாக்கம் போனோம், என் பழைய காரில். ஆர்.என்.ஏ. சட்டென்று சிதைந்துபோகிற பொருள், ரத்தத்தை எடுத்ததும் குளிரில் வைக்க வேண்டும். இதைப் பற்றி மெஹர் எங்கள் எல்லாருக்கும் வகுப்பெடுக்காத நாள் கிடையாது. தேன்மொழியிடம் ரத்தம் எடுத்தாயிற்று. மெஹர் தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார். பெட்டி காலி. ஐஸ் பொட்டலங்கள் அத்தனையும் கூடத்து ஃப்ரீசரிலேயே பத்திரமாக இருந்தன. எடுத்து வைக்கும் பொறுப்பை வேறு யாரிடமும் தர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். நான் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். "இன்னா சார் பாக்கறீங்க? சதுரங்கப்பட்டினத்துக்கு வுடுங்க வண்டிய!" என்றார்.

பக்கத்தில்தான் கடற்கரை. மீன் விற்கும் இடத்தில் ஒரு பெண்மணி வஞ்சிரத்தைச் சுற்றி உடைத்த ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தார். மெஹர் பெட்டியோடு போய் நின்றார்.

"யம்மா, கொஞ்சம் ஐஸு குடு."

"இன்னா மீனு வோணும்?"

"மீனு வோணாம். ஐஸு மட்டும்."

"ஐஸ வச்சு இன்னா பண்ணப் போற?"

"ரத்தத்துக்கும்மா. ஒரு பொண்ணு வயித்துல புள்ளையோட கீது. சீக்கிரம் குடு, கெட்டுப் பூடும்."

அந்தப் பெண்மணி எழுந்தே விட்டார். "அய்யய்யோ, அத மொதல்ல சொல்ல மாட்டியா?" என்று கூடையிலிருந்த நல்ல ஐஸையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டார். கூடவே இரண்டு காரப்பொடி மீனும் விழுந்தது. அதை எடுத்தெறிய நின்றால் நேரமாகும் என்று மெஹர் அப்படியே ரத்தம் எடுத்த குழாய்களைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிச் செருகிக்கொண்டார். "புள்ள நல்லபடியாப் பொறந்ததும் வந்து மீனு வாங்கிக்கினு போணும், ஆமா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

விடுமுறை நாள், மாமல்லபுரத்தில் வண்டிகள் நகரவே இல்லை. மெஹர் பெட்டியை மடியில் வைத்து, கார் முழுக்க மீன் வாசனையோடு, முன்னால் போன ஒவ்வொரு சுற்றுலாப் பேருந்தையும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டு வந்தார். கூடத்து வாசலில் காவலாளி ஏழுமலை மூக்கைச் சுருக்கினார். "மேடம், மீனு உள்ள எடுத்துகினு போவக் கூடாது. மேனேஜர் திட்டுவாரு." "ஏழுமல, இது மீன் இல்லப்பா." ஏழுமலை மூடியைத் திறந்தார். காரப்பொடி அவரைப் பார்த்தது. மெஹர் அதைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். மறுநாள் பார்த்தால் அந்தப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'இது மீன் அல்ல' என்று எழுதி வைத்திருந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்கக் குறையில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். என் கையை நீட்டச் சொன்னார். "உங்ககிட்ட நார்மலா கீறது இது ஒண்ணுதான் சார்" என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்தினார். முடிவு வந்தபோது இருவரும் ஒரே திரையில் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு படியும் அதன் நீளத்துக்கேற்ற இடத்தில் ஒரு கோடாகத் தெரியும். என் வரிசையில் ஒரு கோடு. தேன்மொழியின் வரிசையில் அதே உயரத்தில் ஒரு கோடு, அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று. குட்டையான படிதான் கீழே ஓடி நிற்கும். எங்கேயோ தப்பாக வெட்டுப்பட்ட படி அது. அதைத் தனியே பிரித்துப் படித்தோம். மாறிய எழுத்துக்குப் பக்கத்திலேயே கத்தரி விழுந்திருந்தது. அங்கிருந்து மூன்று மூன்றாகப் போன வரிசை முழுதும் குலைந்து, கொஞ்ச தூரத்தில் 'முடிந்தது' வந்துவிட்டது. மெஹர் திரையில் அந்த இடத்தை விரலால் தட்டி, "அவ்ளோதான், பந்தி முடிஞ்சிது" என்றார். தலைமை மருத்துவர் எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தோம். அதே இரண்டு கோடு. அவர் கையெழுத்துப் போட்டார்.

தேன்மொழிக்குத் தொலைபேசியில் சொன்னது மெஹர்தான். வணக்கம், நலமா என்ற பேச்செல்லாம் இல்லை. எடுத்ததும், "அப்டியே உங்க வூட்டுக்காரர் மாதிரி கீது குழந்தை" என்றார். "முரளிகிட்ட கீற ஒண்ணு மட்டும்தாம்மா வந்திருக்கு. உன்னோடது வரல. அவரு எப்டி ஓடியாடிகினு கீறாரோ, அப்டியே இருக்கும்." அழுகைக்கு நடுவில் தேன்மொழி கேட்டது எனக்கே கேட்டது. "மேடம், மூக்குமா?" முரளியின் மூக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை புரியும். மெஹர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கைப்பேசியை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூக்குக்கு நம்மகிட்ட டெஸ்ட் இல்ல" என்றார்.

குழந்தை பிறந்தது. பெண், யாழினி. மெஹர் என்னையும் இழுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போய், சொன்ன சொல் தவறாமல் வஞ்சிரம் வாங்கினார். அந்தப் பெண்மணி புள்ளையின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "மூக்கு யாருது இது?" என்று கேட்டார்.

அடக்கத்தன்று கடப்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் அதே மூக்கைப் பார்த்தேன். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜமால் பாய் உப்பங்கழிப் பக்கம் பார்த்தபடி நின்றார். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்த அத்தனை வருடமும், மெஹரைத் தினமும் காலையில் பேருந்து ஏற்றிவிட்டு, மாலையில் அதே நிறுத்தத்தில் வந்து காத்திருந்தவர் அவர். இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதும் நாளுக்கு வரச் சொல்லும்போது அன்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அத்தா சாப்பிடவே மாட்டேங்கறாரு அங்கிள். டீய வச்சா டீ ஆறுது. சோத்த வச்சா சோறு ஆறுது. எனக்கு பயமா கீது."

பாத்திஹா நாளிலும் மூன்று பேருக்கு ஒரு சகன்தான். எங்கள் கூடத்து ஆட்கள் வரிசையின் தலைப்பில் உட்கார்ந்தோம். முதலில் முரளி, அடுத்து நான், அடுத்து தலைமை மருத்துவர். ஏழுமலை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜமால் பாய் சுவரோரம் நின்று, எல்லாருக்கும் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாழினி ஓடி வந்து, அப்பாவுக்கு முன்னால் வரிசையின் தலைப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்வர் அதைப் பார்க்கவில்லை. எண்ணி எண்ணிச் சகனை வைத்துக்கொண்டே போய்விட்டான். தலைமை மருத்துவர் அடுத்த தட்டுக்குப் போனார். வரிசை நெடுக முணுமுணுப்பு. "நான் இவரோட இல்ல உக்காந்தேன்!" என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் ஒருவர் தனியாக முழுச் சகனோடு திகைத்துப்போய் இருந்தார்.

அன்வர் திரும்பி, தலைப்பில் அப்பா மூக்கோடு உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்தான். முரளி பதறி அவளைத் தூக்கப் போனார். "வேணாம், வேணாம், உக்காரட்டும்" என்றான் அன்வர். ஒரு நிமிடம் வரிசையை மேலிருந்து கீழ் பார்த்தான். அப்படியே அவன் அம்மா பார்த்த பார்வை. "இன்னும் ரெண்டு பேரு வோணும் இங்க" என்று குரல் கொடுத்தான். "ஏழுமல அண்ணே, சொம்ப வச்சிட்டு வாங்க. இன்னும் ஒரு ஆளு. அத்தா, நீங்கதான். வாங்க."

ஜமால் பாய் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"அத்தா, நீங்க உக்காரலன்னா மொத்தப் பந்தியும் கெட்டுப் பூடும். அம்மா இன்னா சொல்வாங்க தெரியுமில்ல?"

வரிசையே அவரைப் பார்த்தது. அந்தக் கல்யாணத்தில் இருந்தவர்கள் பலரும் அங்கே இருந்தார்கள். யாரோ சிரித்துவிட்டார்கள். ஜமால் பாய் முகத்திலும் என்னவோ அசைந்தது. மெல்ல வந்து, யாழினிக்கு ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் ஏழுமலையுமாக உட்கார்ந்தார்கள். மூவருக்கும் முன்னால் சகன் வந்தது. தலைமை மருத்துவர் எங்கள் தட்டுக்குத் திரும்பினார். ஒவ்வொருவராக எல்லாரும் தத்தம் கூட்டாளிகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். யாழினி தட்டைப் பார்த்து, "இவ்ளோவும் நமக்கா தாத்தா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, மூணு பேருக்கு" என்றார் அவர். கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு தானும் ஒரு வாய் எடுத்து வைத்தார். அன்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெய்ச்சோறு எடுக்கப் போனான்.

மெஹர் மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தெர்மோகோல் பெட்டி. என் மேசைக்குக் கீழே இருக்கிறது. மழை நாளில் இன்னும் லேசாக மீன் வாசனை வரும். வருகிறவர்கள் அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள். இன்னொன்று, அவர் கடைசியாகப் போட்ட சண்டை. புதிய மென்பொருள் பேசாத மாற்றங்களைப் பழையபடி மறைக்கிறதா, அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்றுதான் அன்றைக்குத் திட்டினார். அதைத் தினமும் படித்தால் என் பேருந்து போய்விடுகிறது, வேண்டுமானால் நீங்களே வந்து படியுங்கள் என்பதுதான் நான் தயாரித்து வைத்திருந்த அந்த நல்ல பதில். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பட்டியல் திறந்துதான் இருக்கிறது மேடம். நேற்றும் பேருந்து போய்விட்டது.